இழுவைப் பெட்டியா, சூட்டு மீட்டரா?

விடிகாலையில், ரமணாசிரமத்துக்குள் மயில்கள் அகவத் தொடங்கும் நேரத்தில், வெளியே செங்கம் ரோட்டில் லோடு வண்டிகளின் ஓட்டம் ஆரம்பித்துவிடும். காய்கறி ஏற்றிய பிக்கப், தண்ணீர் கேன் வண்டி, ஹாலோபிளாக் கல் அடுக்கிய குட்டியானை, மாட்டுத்தீவனம், சிமென்ட், சாமியானா பந்தல் சாமான் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கலைக் கல்லூரிப் பக்கம் கிரிவலப் பாதை வலதுபுறம் பிரிந்துவிடுகிறது. மலையைச் சுற்றுகிறவர்கள் அப்படித் திரும்ப, லோடு வண்டிகள் நேரே போகின்றன. செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகச் சில வண்டிகள் பெங்களூரு வரைக்கும் போகும்.

வரைபடத்தில் பார்த்தால் இது சாதாரண நெடுஞ்சாலை. இன்ஜினுக்கு அப்படி இல்லை. திருவண்ணாமலை கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டரில். போகும் வழியெல்லாம் வண்டி ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. இன்னொரு பக்கம் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலைப்பாதை. சாமையும் புளியும் பலாப்பழமும் அங்கிருந்து இறங்குகின்றன. அரிசியும் கம்பியும் சிமென்டும் இங்கிருந்து ஏறுகின்றன. இந்த இரண்டு ரோட்டிலும் லோடு அடிக்கிறவர்கள் மெக்கானிக் ஷெட்டில் வந்து இறங்கியதும் சொல்லும் முதல் வார்த்தை, “வண்டி இழுக்க மாட்டேங்குது.”

அந்தக் குறைக்கு இப்போது செல்போனிலேயே மருந்து காட்டுகிறார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. பத்து நிமிடத்தில் மாட்டலாம், 20 சதவீதம் பவர் கூடும், மைலேஜும் ஏறும் என்று விளம்பரம். இல்லாவிட்டால் லேப்டாப்போடு ஒருவர் வந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் சொருகி, ‘ரீமேப்’ போட்டுவிட்டுப் போவார். செலவு ஆயிரங்களில். பெங்களூரு, கோவை, சென்னை கார்ப் பிரியர்களிடம் பல வருடங்களாக இருந்துவந்த இந்தப் பழக்கம் மாவட்டத் தலைநகர்களின் லோடு வண்டி ஸ்டாண்டு வரை இறங்கியிருக்கிறது. வாங்கலாமா, கூடாதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லோடு அடிக்கிற வண்டிக்குப் பெட்டி வேண்டாம். அந்தக் காசில் ஒரு பகுதியைச் செலவழித்து மீட்டர் மாட்டுங்கள். அப்படிச் சொல்வதற்குக் காரணங்கள் நிறைய இருக்கின்றன.

பம்ப் ஸ்க்ரூ காலம்

இன்ஜினைத் ‘தூக்கி வைக்கிற’ ஆசை புதிதல்ல. பழைய லாரிகளில் டீசல் பம்ப்பின் சீலை உடைத்து, உள்ளே இருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினால் டீசல் கூடுதலாக இறங்கும். ‘பம்ப்பை ஏத்தி வெச்சிருக்கேன்’ என்பார்கள். மேட்டில் வண்டி சீறிக்கொண்டு ஏறும். பின்னால் வருகிற பைக்காரர் கரி பூசிக்கொண்டு வருவார். அளவு மீறினால் பம்ப் சர்வீஸ் கடைக்காரர் கலிபரேஷன் மேடையில் ஏற்றிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார். எல்லாமே கையால் நடந்தது, கண்ணால் பார்க்கிற மாதிரி இருந்தது.

காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் தரும் முறை, வந்த பிறகு அந்த ஸ்க்ரூவுக்கு வேலையில்லை. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் பாஷ் கம்பெனியின் காமன் ரெயில் முறை விற்பனைக்கு வந்தது. நம் லோடு வண்டிகளில் அது இறங்க இன்னும் பல வருடங்கள் ஆயின. 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது டர்போ இல்லாத இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். சக்தி 16 குதிரைத்திறன். குட்டியானை என்று ஊரே செல்லப்பெயர் வைத்த வண்டி அது. 2011-இல் ஓசூரில் அசோக் லேலண்ட் தயாரித்த தோஸ்த், டர்போவும் காமன் ரெயிலும் கொண்ட மூன்று சிலிண்டர் இன்ஜினோடு வந்தது. இப்போது ரோட்டில் அதிகம் கண்ணில் படும் மஹிந்திரா பொலேரோ பிக்கப்பில் இருப்பது 2523 சி.சி. இன்ஜின், ஏறத்தாழ 75 குதிரைத்திறன். எந்த நேரத்தில், எவ்வளவு டீசல், எத்தனை அழுத்தத்தில் என்பதையெல்லாம் காமன் ரெயில் வண்டிகளில் தீர்மானிப்பது இசியூ என்கிற கணினிப் பெட்டி. ஸ்க்ரூ இருந்த இடத்தில் இப்போது எண்கள் இருக்கின்றன. திருப்புகிற கை மட்டும் மாறவில்லை.

பெட்டி சொல்லும் பொய்

டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி போலக் காற்றை அடைத்துத் திறக்கிற கணக்கு பெரும்பாலும் இல்லை. காற்று அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் டீசல் கூடும். டீசல் கூடினால் இழுவை கூடும். ஆகவே பவர் வேண்டுமென்றால் கூடுதல் டீசலை உள்ளே தள்ள ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும். சந்தையில் விற்கிற எல்லா வித்தைகளும் இதைச் சுற்றித்தான்.

வெளியே மாட்டுகிற பெட்டி, ரெயில் பிரஷர் சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவில் உட்காருகிறது. ரெயிலில் உண்மையில் 1,400 பார் அழுத்தம் இருந்தால், 1,250 பார்தான் இருக்கிறது என்று இசியூவுக்குச் சொல்லும். இசியூ நம்பிவிடும், அழுத்தத்தை ஏற்றும். இன்ஜெக்டர் திறந்திருக்கிற நேரம் மாறாது, ஆனால் அழுத்தம் கூடியதால் அதிக டீசல் இறங்கும். சமையல்காரரிடம் குழம்பில் உப்பே இல்லை என்று பொய் சொல்லி இன்னொரு கரண்டி போட வைக்கிற வேலை இது. குழம்பைச் சாப்பிடப் போவது இன்ஜின்.

ரீமேப் இதைவிட நேர்மையான வேலை, அதே சமயம் இதைவிட ஆழமான வேலை. இசியூவுக்குள் இருக்கும் அட்டவணைகளையே மாற்றுகிறார்கள்: டீசல் அளவு, டர்போ அழுத்தம், டார்க் வரம்பு, புகை வரம்பு எல்லாவற்றையும். தெரிந்தவர் செய்தால் கச்சிதமாக இருக்கும். தெரியாதவர், வேறு வண்டியின் ஃபைலை இணையத்திலிருந்து இறக்கி ஏற்றினால் என்ன ஆகும் என்பதை வண்டிக்காரர்தான் அனுபவிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு வகைப் பெட்டிகள் உண்டு. ஆக்சிலேட்டர் பெடல் ஒயரில் மாட்டும் பெட்டி, இன்ஜின் பவரை ஒரு குதிரைத்திறன்கூட ஏற்றாது. பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாகச் சொல்லும், அவ்வளவுதான். மாட்டியவருக்கு வண்டி பறக்கிற மாதிரி இருக்கும். முழுதாக மிதித்தால் பழைய வண்டியேதான். கடைசி வகை, சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும் சாதனம். ஓபிடி என்கிற கம்ப்யூட்டர் சோதனை சாக்கெட்டில் சொருகினால் பச்சை விளக்கு மினுக்கும். வெளிநாடுகளில் பிரித்துப் பார்த்தவர்கள், இவற்றில் பலவற்றில் விளக்கை மினுக்குகிற சர்க்யூட் தவிர வேறொன்றும் இல்லை என்று காட்டியிருக்கிறார்கள். ஒரு வகையில் பார்த்தால் நான்கில் இன்ஜினுக்குக் கேடில்லாதது இதுதான்!

மிச்சத்தை ஏற்கெனவே தின்றுவிட்டோம்

கம்பெனிக்காரன் வேண்டுமென்றே பவரைக் குறைத்து வைத்திருக்கிறான் என்பது பெட்டி விற்பவர்களின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மஹிந்திரா ஸ்கார்பியோ-என் வண்டியில் ஒரே 2.2 லிட்டர் டீசல் இன்ஜின், குறைந்த விலை மாடலில் 132 பி.எஸ். சக்தியும் உயர்ந்த மாடலில் 175 பி.எஸ். சக்தியும் தருகிறது. எல்லா இன்ஜினுக்குள்ளும் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த மிச்சம் எதற்காக? நாற்பது டிகிரி வெயிலுக்கு, தூசி அடைத்த ஏர் ஃபில்டருக்கு, கலப்பட டீசலுக்கு, தேதி தள்ளிப்போன ஆயில் சர்வீஸுக்கு, பத்து வருட உழைப்புக்கு.

எல்லாவற்றுக்கும் மேல், ஓவர்லோடுக்கு. இதை யாரும் வெளியே பேசுவதில்லை. 1.7 டன் ஏற்ற வேண்டிய வண்டியில் மூன்று டன் ஏறுவது நம் ஊரில் அதிசயமா? நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் சாலையில், 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது கூடுதலாக ஒரு டன்னைத் தூக்கிச் செல்ல மட்டும் கிட்டத்தட்ட 7 குதிரைத்திறன் செலவாகிறது. பள்ளிக்கூடப் பௌதிகம்தான், யாரும் போட்டுப் பார்க்கலாம். 75 குதிரைத்திறன் இன்ஜினில் 20 சதவீதம் ஏற்றிக் கொடுக்கிறது பெட்டி என்றே வைத்துக்கொள்வோம். கிடைப்பது 15. அதிகப்படியாக ஏற்றிய லோடே அதில் பாதிக்கு மேல் முழுங்கிவிட்டுப் போய்விடும். அமெரிக்காவில் இந்தப் பெட்டியை மாட்டுகிறவர் பெரும்பாலும் காலியான பிக்கப்பில் வேலைக்குப் போய்வருகிறவர். அங்கே அந்த மிச்சம் நிஜமாகவே மிச்சமாக இருக்கிறது. செங்கம் ரோட்டு வண்டியில் அதை ஓனர் எப்போதோ எடுத்து லோடாகப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார். இல்லாத சேமிப்பின் மேல் செக் எழுதுவதைத்தான் இங்கே ‘டியூனிங்’ என்று விற்கிறார்கள்.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய பதினான்கரை கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் 18, 20 கிலோவுக்குக் கீழே இறங்கினாலே டீசல் இன்ஜின் கரும்புகை கக்கத் தொடங்கிவிடும். அக்னி நட்சத்திர மத்தியானத்தில் 40 டிகிரி காற்று, 25 டிகிரி காற்றைவிட ஐந்து சதவீதம் லேசானது. அதே அளவு இழுத்தாலும் உள்ளே போகும் காற்று குறைவு. பெட்டிக்கு வெயில் தெரியாது, டீசலைக் குறைக்காது. பெட்ரோல் வண்டியில் எரிபொருள் கூடினால் சிலிண்டர் குளிரும் என்பார்கள். டீசலில் நேர் எதிர். டீசல் கூடக் கூட சூடு ஏறும். அந்தச் சூடு எக்ஸாஸ்ட் வழியாக முதலில் போய் மோதுவது டர்போவில்.

டர்போவின் உள்சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிற பொருள். அதைத் தாங்கிக்கொண்டிருப்பது மெல்லிய ஆயில் படலம். பெட்டி மாட்டிய வண்டியில் முதலில் போவது பெரும்பாலும் டர்போவோ கிளட்ச் பிளேட்டோதான். அதற்கப்புறம் ஹெட் கேஸ்கட். கடைசியில் பிஸ்டன். கேஸ்கட் வேலைக்கே வண்டி பல நாள் ஷெட்டில் நிற்கும். ஃபைனான்ஸ் டியூ மட்டும் நிற்காது.

மைலேஜ் ஏறும் என்கிற பேச்சு தனிக் கதை. பெட்டி மாட்டியதும் டாஷ்போர்டுத் திரையில் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டும், பார்த்தவர் அசந்துபோவார். அந்தத் திரை கணக்குப் போடுவது இசியூ சொல்லும் எண்ணை வைத்து. இசியூவோ ரெயிலில் அழுத்தம் குறைவு, ஆகவே இறங்கிய டீசலும் குறைவு என்று நம்பிக்கொண்டிருக்கிறது. பொய் சொல்லப்பட்டவரிடமே கணக்குக் கேட்டால் எப்படி? டேங்க்கை வாய்வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே பங்க்கில் வாய்வரை நிரப்பிக் கணக்குப் போடுவதுதான் மைலேஜ். திரையில் தெரிவதை நம்பாதீர்கள்.

ஆர்.டி.ஓ. என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ(4) என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓவர்லோடுக்கு 194-ஆவது பிரிவில் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. சரக்கு வண்டிகளில் 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு விதியாகவே இருக்கிறது. ரீமேப் போடுகிறவர்களில் சிலர் அதை எடுத்துவிடுவதையும் ‘ஃப்ரீ சர்வீஸ்’ போலச் சொல்கிறார்கள். அதற்குத் தலையாட்டிவிட்டால் நாளைக்கு ஒரு விபத்தில் பதில் சொல்ல வேண்டியவர் ஓனர்தான், லேப்டாப்காரர் அல்ல.

2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான பி.எஸ்.6 வண்டிகளில் சிக்கல் இன்னும் பெரிது. கரித்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர், புகையின் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர்., சில மாடல்களில் ஆட்புளூ திரவம் எல்லாம் சேர்ந்த ஏற்பாடு அது. டீசலை ஏற்றினால் கரி கூடும். கரி கூடினால் ஃபில்டர் அடைக்கும். ஃபில்டர் அடைத்தால் விளக்கு எரியும். விளக்கை அணைக்க ஃபில்டரையே குடைந்து எடுத்துவிடலாம் என்று யோசனை சொல்ல ஆள் வரும். அந்த வழி எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே பத்து வருடத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நீக்கப்பட்டதாக 2020 நவம்பரில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை கணக்குச் சொன்னது. கடைக்காரர்கள்தான் குற்றவாளி என்றும் நினைத்துவிட வேண்டாம். ராம் பிக்கப்புகளுக்கு இன்ஜின் செய்துகொடுத்த கம்மின்ஸ் நிறுவனமே, புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் வைத்ததாக எழுந்த வழக்கில் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டது.

நம் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். அன்றைக்கு வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், சரி. மற்ற நாட்களில் அக்னி லிங்கத்திலிருந்து ரமணாசிரமம் வரை நடக்கிறவர்கள் மூக்கில் ஏறுவது இந்த ரோட்டுப் புகைதான். மேட்டில் இழுவை வேண்டும் என்கிற ஓனரின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. அதற்கான கட்டணத்தை நடந்துபோகிறவர் ஏன் கட்ட வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

முள் அசையாது

இனி மீட்டருக்கு வருவோம். நம் பிக்கப் கேபினில் உட்கார்ந்து பாருங்கள். முன்கண்ணாடி மேல் அண்ணாமலையார் ஸ்டிக்கர், அதற்குக் கீழே காய்ந்த எலுமிச்சை, ஊதுபத்தி சொருகிய ஓட்டை, செல்போன் ஹோல்டர். இத்தனைக்கும் நடுவில் இன்ஜினைப் பற்றி டிரைவருக்குத் தகவல் சொல்ல இருப்பது ஒரே ஒரு வெப்ப முள். அதுவும் உண்மையை முழுதாகச் சொல்வதில்லை. பல வண்டிகளில் 75 டிகிரியோ 100 டிகிரியோ, முள் நட்டநடுவில் நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். கொஞ்சம் ஏறி இறங்கினாலே ஜனங்கள் பயந்து ஷோரூமுக்கு வந்துவிடுகிறார்கள் என்பதால் செய்த ஏற்பாடு. முள் மேலே ஓடத் தொடங்கும்போது ஏற்கெனவே நேரம் கடந்திருக்கும்.

இன்னொரு மோசமும் உண்டு. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து கூலண்ட் முழுதும் கொட்டிவிட்டால் முள் எகிறும் என்றுதானே நினைப்போம்? பல நேரம் எகிறாது. சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் போய்விட்டால் அது வெறும் ஆவியில் தொங்கிக்கொண்டிருக்கும். முள் சாந்தமாக நிற்கும், சிலசமயம் இறங்கவும் செய்யும். டிரைவர் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். ஹெட் வளைந்து இன்ஜின் ஜாம் ஆன பிறகுதான் தெரியும். “மீட்டர்ல ஒண்ணுமே காட்டலையே சார்” என்று அவர் சொன்னால் நம்புங்கள், உண்மையாகவே காட்டியிருக்காது. இதற்கு மருந்து, சிலிண்டர் ஹெட்டில் ஒரு போல்ட்டுக்கு அடியில் வைக்கும் சின்ன உலோக வெப்ப சென்சார். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹெட்டின் சூட்டை அது நேராகச் சொல்லும். அலாரம் வைத்தது கிடைக்கிறது. ஒரு லோடு வண்டிக்கு ஒரே ஒரு மீட்டர்தான் மாட்ட முடியும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

அடுத்தது பூஸ்ட் மீட்டர். டர்போ எவ்வளவு காற்றை அழுத்தித் தருகிறது என்று காட்டும். இதைப் பொறுத்தவரை எண்ணைவிடப் பழக்கம் முக்கியம். ஊத்தங்கரை தாண்டி வழக்கமாக மிதிக்கிற ஒரு மேட்டில், வழக்கமான லோடில், முள் எங்கே நிற்கிறது என்று மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். எப்போதும் 1 பார் காட்டுகிற இடத்தில் ஒரு நாள் 0.6 காட்டினால் இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது, அல்லது ஹோஸ் கீறிவிட்டது, அல்லது டர்போ தள்ளாடுகிறது. ‘இழுக்க மாட்டேங்குது’ என்று சொல்லிப் பெட்டி வாங்கப் போகிறவரின் வண்டியில் பல நேரம் குறை இவ்வளவுதான். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், டீசல் ஃபில்டரில் தண்ணீர் நிற்கும், இ.ஜி.ஆர். வால்வில் கரி கட்டியிருக்கும், கிளட்ச் தேய்ந்திருக்கும், பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டு சக்கரத்தைப் பிடித்திருக்கும். சில நூறு ரூபாய் கிளாம்ப் வேலைக்குப் பதிலாக இருபதாயிரம் ரூபாய்க்குப் பெட்டி மாட்டினால், ஓட்டை ஹோஸ் வழியே காற்று போய்க்கொண்டே இருக்கும், டீசல் மட்டும் கூடும்.

மூன்றாவது எக்ஸாஸ்ட் சூட்டை அளக்கும் பைரோமீட்டர். டீசல்காரர்கள் உலகம் முழுக்க இதைத்தான் தலைமை மீட்டர் என்பார்கள். டர்போவுக்கு முன்னால் மேனிஃபோல்டில் துளை போட்டு, கே டைப் தெர்மோகப்பிள் என்கிற கம்பியை இறக்க வேண்டும். மேட்டில் நீண்ட நேரம் 700 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காலைத் தளர்த்தி கியரைக் குறைக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கோடு. அலுமினியம் உருகும் புள்ளி 660 டிகிரி என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பிஸ்டனை ஆயில் குளிர்விக்கிறது என்பதால்தான் உடனே உருகிவிடாமல் தப்பிக்கிறது. டர்போவுக்குப் பின்னால் மாட்டினால் வேலை சுலபம், ஆனால் நூறு டிகிரிக்கு மேலேயும் குறைத்துக் காட்டும்; அந்தக் கழிவைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். முன்னால் மாட்டுகிறவர்கள் மேனிஃபோல்டைக் கழற்றி வைத்துத்தான் துளை போட வேண்டும். கழற்றாமலே துளை போட்டுத் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஒரு சிட்டிகை இரும்புத்தூள் உள்ளே விழுந்தால் டர்போவின் இறக்கைகள் போய்விடும்.

ஆயில் பிரஷர் மீட்டரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கம்பெனி தருவது சிவப்பு விளக்கு மட்டும். அது எரியும்போது பேரிங்குக்கு ஏறக்குறைய கருமாதி. வசதி இருந்தால் மாட்டலாம்.

அதிகச் செலவு வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. இப்போதைய வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ரீடரைச் சொருகினால் கூலண்ட் சூடு, உள்ளே வரும் காற்றின் சூடு, டர்போ அழுத்தம், ரெயில் அழுத்தம் எல்லாம் செல்போனில் எண்ணாகவே தெரியும். டி.பி.எஃப். உள்ள பி.எஸ்.6 வண்டிகளில் எக்ஸாஸ்ட் சூடுகூடக் கிடைக்க வாய்ப்புண்டு. ஒரு எச்சரிக்கை: இதில் வரும் டர்போ அழுத்தத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்ந்திருக்கும், சுமார் 1 பாரைக் கழித்துக்கொள்ள வேண்டும். வண்டியை நிறுத்தினால் ரீடரைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மெதுவாக பேட்டரியைக் குடிக்கும். முன்னே சொன்ன பச்சை விளக்குப் பெட்டியும் இதே சாக்கெட்டில்தான் சொருகுகிறது. கடைக்காரர் எதைத் தருகிறார் என்று பார்த்து வாங்குங்கள்.

மீட்டரைப் பார்த்து ஓட்டப் பழகியவரின் கால் தானாகவே மாறும். ஐந்தாவது கியரில் முக்கிக்கொண்டே ஏறுவதைவிட நான்காவதில் சுற்றைக் கூட்டி ஏறினால் எக்ஸாஸ்ட் சூடு எவ்வளவு இறங்குகிறது என்று அவரே பார்த்துவிடுவார். கியரைக் குறைத்தால் டீசல் போகும் என்று ஓனர் சொல்லிவைத்த பாடம் அங்கேயே அழிந்துவிடும். மேடு ஏறி டீக்கடையில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பி அணைக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடுவார். டர்போ பேரிங்கில் ஆயில் கருகாது. ஒரு ரூபாய் செலவில்லாமல் இன்ஜின் ஆயுளைக் கூட்டுகிற வேலைகள் இவை.

விளையாட்டு வண்டிகள் வேறு

ஆசைக்காக வாங்கும் பிக்கப்புகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகி 2016 முதல் விற்கும் இசுஸு வி-கிராஸ், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவை சொந்த உபயோகத்துக்கு ஓடுகிறவை. வி-கிராஸின் 1.9 லிட்டர் இன்ஜின் 163 பி.எஸ்., ஹைலக்ஸின் 2.8 லிட்டர் 204 பி.எஸ். பின்னால் இரண்டு சைக்கிளும் ஒரு கூடாரமும்தான் இருக்கும். அங்கே மிச்சம் மிச்சமாகவே இருக்கிறது. தாய்லாந்தில் இதே வகை டீசல் பிக்கப்புகளைக் குடைந்து ரேஸ் விடுவது பெரிய கலாசாரம். அப்படி ஆசை உள்ளவர்கள் ஸ்ரீபெரும்புதூர் இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ போய் ஆசையைத் தீர்த்துக்கொள்ளட்டும். பொது ரோட்டில் அவர்களுக்கும் 52-ஆவது பிரிவுதான். வாரன்டியும் இன்ஷூரன்ஸும் கையைவிட்டுப் போகும் அபாயம் அவர்களுக்கும் உண்டு. ஆனாலும் அவர்கள் இழப்பது பொழுதுபோக்கை. செங்கம் ரோட்டுக்காரர் இழப்பது அந்த மாத டியூவை.

கம்பெனிகளிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. வண்டிகளுக்கான டாஷ்போர்டு மீட்டர்களை உலகத்துக்கே செய்து அனுப்பும் பிரிக்கால் நம் கோவையில் இருக்கிறது. செய்யத் தெரியாமல் இல்லை. புதிய பிக்கப்புகளில் பாட்டும் மேப்பும் காட்டும் பெரிய திரை வைக்கிறார்கள். கூலண்ட் சூடு, டர்போ அழுத்தம், டி.பி.எஃப். உள்ள வண்டியில் எக்ஸாஸ்ட் சூடு எல்லாமே இசியூவுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த எண்களைத் திரையில் காட்ட புதிய சென்சார் வேண்டாம், ஒயர் வேண்டாம், நாலு வரி மென்பொருள் போதும். அதைச் செய்யும்வரை, அடுத்த எஃப்.சி.க்கு வண்டி விடும்போது ஓனர்கள் மெக்கானிக்கிடம் ஹெட் சென்சாரும் அலாரமும் மாட்டித் தரச் சொல்லுங்கள். லோடை ஆர்.சி.யில் இருக்கிற அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். இழுவை தானாக வரும்.